சரக்கின் இயல்பு

கல்லறைகளைத் தாண்டியபின் 975ஆம் எண் பேருந்தில்
நானும் ஓட்டுநரும் மட்டும்தான்.
லிம் சூ காங்கில் இறங்கி
ஏழு நிமிட நடை.
பன்னிரண்டு பாத்தி, ஒரு தகரக் கொட்டகை,
யாருடையது என்று தெரியாத இரண்டு நாய்,
இன்னும் நான்கு ஆண்டு குத்தகை.

முதலாளிக்கு இருபத்தாறு வயது.
பயிற்சியாளுக்கு நாற்பத்தெட்டு.
"முன்னால் என்ன வேலை?" என்றாள் ஹுய் மின்.
கப்பல் சரக்குக் காப்பீடு, இழப்பீட்டுப் பிரிவு என்றேன்.
கொஞ்சம் யோசித்து
பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நீட்டினாள்.
"சரி, நத்தை பொறுக்குங்கள்."

நூற்று முப்பத்தேழு.
சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்:
"எண்ணவா சொன்னேன்?"

மருந்து கூடாது. உப்பு கூடாது, மண்ணுக்கு ஆகாது.
விரல்தான்.
கீரையின் அடியிலையைத் திருப்பினால்
ஈரமாய் ஒட்டியிருக்கும் சின்னக் கோபுரம்,
இழுத்தால் ஒரு முத்தச் சத்தத்தோடு வரும்.
அந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட எனக்கு
மூன்று நாள் ஆயிற்று,
வெட்கம் போக இன்னும் மூன்று.

தெங்காவிலிருந்து போர் விமானம் எழும்போது
பேச்சை நிறுத்துவோம்.
வானம் கிழிந்து மூடியதும்
விட்ட சொல்லிலிருந்து அவள் தொடர்வாள்:
"...வேரோடு, முறிக்காமல்."

காப்பிக்கடைச் சக்கை, சோயாச் சக்கை,
வெட்டிய புல், போன வாரத்துக் கங்கோங் தண்டு.
குவியலுக்குள் முழங்கைவரை கைவிடச் சொன்னான் ஸா லின்.
விட்டேன். பிடுங்கிக்கொண்டேன்.
உள்ளே யாரோ சோறு வடிக்கிறார்கள்.

களை எடுப்பதில் சிரமமில்லை,
களைக்குக் களை என்று பெயர் இருக்கிறது.
பயிர் கலைப்பதுதான் கை நடுங்கியது.
நெருங்கி முளைத்த கைலான் நாற்று,
எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை.
எதைப் பிடுங்க?
"எதுவானாலும். இடம்தான் கணக்கு."
என் மேலாளரும் ஏறக்குறைய இதையே சொன்னார்,
கண்ணாடி அறையில்,
தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் தள்ளியபடி.
பிடுங்கியதை ஒரு பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்
ரசத்தில் போட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

ஆறாம் வாரம்
தியோங் பாரு உணவகத்துக்குப் பதினான்கு கிலோ கைலான் போனது.
மாலை மழைக்குமுன் படங்களாய்த் திரும்பி வந்தது.
ஒவ்வோர் இலையிலும் ஓட்டை.
ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பணம் தர முடியாது.

"உங்களுக்குத்தான் இது தெரியுமே,
பதில் எழுதுங்கள்" என்று
கைப்பேசியை என் மடியில் போட்டுவிட்டுக்
குழாயைத் திருகப் போனாள்.

தெரியும்.
சரக்கின் இயல்பிலேயே உறைந்த கேடு:
பத்தொன்பது வருடம் தட்டிய வாக்கியம்.
அழுகுவது பழத்தின் குணம்,
துருவேறுவது இரும்பின் குணம்,
ஆகவே நிறுவனம் பொறுப்பேற்காது, வணக்கம்.
நாசிக் வெங்காயம் இருபது டன்
பாதி முளைத்து வந்திறங்கிய வருடம்
அந்த வியாபாரி பதினொரு முறை அழைத்தார்.
எண்ணிக்கை கோப்பில் இருந்தது.
பெயர் நினைவில்லை.

மூன்று தடவை எழுதி அழித்தேன்.
விரலில் மண்,
திரை என்னை அடையாளம் காணவில்லை.
கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
"ஓட்டைகள் உண்மை.
நாளைக் காலை ஆறரைக்கு வாருங்கள்.
டப்பா இரண்டு இருக்கிறது."

பதில் வரவில்லை.
மழை வந்தது.
திரும்பி வந்த கைலானை ஸா லின்
பூண்டு நசுக்கிப் போட்டு வதக்கினான்.
மூவரும் கொட்டகையில் நின்றபடி தின்றோம்,
தகரத்தின் சத்தத்தில்
யாரும் யாரையும் ஆறுதல்படுத்த வழியில்லாமல்.

இப்போதெல்லாம் நத்தைகளை எண்ணுவதில்லை.

பொய்.
இன்று இருநூற்றுப் பன்னிரண்டு.
யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.