லேபிள் வைக்கும் இடம்

பின்கழுத்தில் லேபிள் வைத்து
ஷிப்டுக்கு எண்ணூறு பனியன்.
குனிந்த தலைக்குமேல் போனது பதினாறு வருசம்.

தை மாதம் கட்டைவிரல் மரத்தது.
தோளிலிருந்து ராத்திரியெல்லாம் கரண்ட் இறங்கியது.
நூலைத் தொட்டால் அது நூலாக இல்லை.

கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
படம் காட்டினார் டாக்டர்:
எலும்புச் சந்தில் ஒரு நரம்பு,
மெஷின் பாதத்தடியில் சிக்கிக்கொண்ட நூல் மாதிரி.
"சின்ன ஓட்டைதானுங்க. நாளைக்கே ஊட்டுக்குப் போயர்லாம்."

மூன்றாம் நாள் கட்டு மாற்றுகையில்
கோகிலவாணி எட்டிப் பார்த்தாள்:
"ரெண்டே தையலுங் நங்கையா.
அதும் லேபிள் வெக்கிற எடத்துலயே."

ரெண்டா?
எங்கள் லைனில் பீஸைத் திருப்பி அடித்திருப்பார்கள்.
சிரிக்கக் கழுத்து விடவில்லை.

முந்தானையில் ஒரு நூல் பிரிந்து நின்றது.
பிடித்தேன், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே.
நூல்தான்.
கொஞ்சம் தள்ளி, அடுத்த டேபிளில் இருப்பதுபோல்.