மூன்றாம் தடம்

இலிஜாவிலிருந்து பாஷ்சார்ஷியா வரை
ஐம்பது நிமிடம்.
வழியில் இருபது நிறுத்தங்கள்,
ஒரு கழிப்பறை இல்லை.

பதினொரு வருடமாக
ஷெம்சா தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் குடித்தாள்.
விடியலில் ஒரு மிடறு,
மதியம் நாக்கு நனைய,
காபியை முகர்வதோடு சரி.
டிராம் ஓட்டுகிறவளுக்கு இரண்டு பிரேக்.
ஒன்றுதான் காலடியில் இருக்கிறது.

ஜூலையில் இன்னொன்று தேய்ந்தது.
சொட்டுச் சொட்டாய், சுடுசாம்பலாய்
நீர்க்கடுப்பு.
டாக்டர் ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதினார்.
"தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்?"
"பணியில் இருக்கிறேன்" என்றாள்.
அவர் பேனாவை மூடிவைத்தார்.

மாத்திரை எரிச்சலை அணைத்தது.
தாகம் மட்டும்
அடிவாங்கிய பிள்ளைபோல் மூலையில் நின்றது.

மில்யாட்ஸ்கா ஆற்றோரம் சோளம் சுடும் நெஸிர்
தோலுரித்து, இளம்பொன் நாரைப் பிய்த்துச்
சாக்கில் எறிந்துகொண்டிருந்தான்.
ஒரு கைப்பிடி கேட்டாள்.
"முயல் வளர்க்கிறாயா?"
"இல்லை, டிராம்."

பழைய செய்தித்தாள்மேல், வெயில் படாமல்,
மூன்று நாள் உலர்த்தினாள்.
தேர்தல் முடிவுகளோடு ஒட்டிக்கொண்டது கொஞ்சம்.
கொதிநீரில் போட்டு மூடிவைத்தால்
வைக்கோல் நிறம்.
மழை நின்ற வயலின் வாசனை என்று எழுத ஆசைதான்;
வெந்த சோளத் தண்ணீர், அவ்வளவே.
மருந்தென்று மதிக்கக் கசப்புகூட இல்லை.

நான்காம் நாள்
இரண்டாவது குவளையைத் தானாக ஊற்றிக்கொண்டாள்.
நார் செய்ததா, வெந்நீர் செய்ததா,
யார் கண்டது?
மெத்தென்று ஏதோ உள்ளே இறங்கி
மூலையில் நின்றதை
வா, வந்து உட்கார் என்றது.

குடித்தது சும்மா இருக்குமா?

செவ்வாய்க்கிழமை, ஒன்பது இருபது, ஸ்கெந்தெரியா.
கைப்பிடியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிச்
சாவியை உருவிக்கொண்டாள்.
ஒலிபெருக்கியில் அவள் குரலே அவளுக்குப் புதிது:
"இரண்டு நிமிடம். ஓட்டுநர் ஒன்றுக்குப் போகிறார்."

முப்பது தலைகள் நிமிர்ந்தன.
கோட்டு போட்டவர் கடிகாரத்தைத் தட்டினார்.
ஒரு பையன் சிரித்து, அம்மாவிடம் கிள்ளு வாங்கினான்.
பின்னிருக்கையிலிருந்து
நிறைமாத வயிற்றைத் தாங்கி ஒருத்தி எழுந்தாள்:
"அக்கா, நில்லுங்கள், நானும்."

ரொட்டிக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை,
மாவுக் கையால் பின்கதவைக் காட்டினார்.

மாலை, பணிமனையில் படிவம் காத்திருந்தது.
தடம்: மூன்று.
தாமதம்: ஆறு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
சிக்னல், பனி, விபத்து என்று
பதினொரு வருடம் எழுதிய கை
சற்று யோசித்து
எழுதியது:

தண்ணீர் குடித்தேன்.