நூற்றுக்கு இருபது வெட்டு

கல்லடியில், சவர்க்காரப் பெட்டிகள் அடுக்கிய அறை.
நிலவறை வரைபடம் சுருளாமல்
நாலு மூலைக்கும் சோடாப் போத்தல்.
ஏழு லெவல் வாள்வீரனாய் ஏறி வந்த கிருபைராசா
மறுகா சொல்கிறான்:
"எட்டாவதை மந்திரவாதிக்கு எடுக்கிறன்."

விதிக் கொப்பி என் கையெழுத்து:
இரண்டாம் தொழில் எடுத்தால்
அனுபவப் புள்ளியில் நூற்றுக்கு இருபது வெட்டு.
ஒன்றிலேயே நின்றால் பத்தாம் லெவலில் இடிவாள்.
ஆசை காட்டவும் ஒரு விதி வேணுமே.

"இடிவாள விடப்போறியா, விசரா?"
இது றிம்ஸான். ஒன்பது லெவலும் திருடன்.

கிருபைராசா பகலில் பிரதேச சபைக் கிளாக்கர்,
பின்னேரம் ஓட்டோ.
சபையில் அவனை ஓட்டோக்காரன் என்பார்கள்,
ஸ்டாண்டில் கிளாக்கர் ஐயா.
இரண்டிடத்திலும் பதவி உயரவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. அழிறப்பரை எடுத்தேன்.
கொப்பியைப் பொத்திக்கொண்டான்.
"வெட்டு கிடக்கட்டும் கா.
ஒண்டும் குறையாட்டி
கிறுகினது எப்பிடித் தெரியும்?"

அவனுடைய முதல் மந்திரம்:
கோல் நுனியில் வெளிச்சம், பத்தடி தூரம்.
எறிந்தான். இருபது முகப் பகடை
பெட்டிகளுக்கு அடியில் ஓடி மறைந்தது.
றிம்ஸான் போனில் டோர்ச் தட்டப் போக,
"பொறு" என்று முழங்காலில் குனிந்தான்,
வெறுங்கையை இருட்டுக்குள் நீட்டியபடி,
"இப்ப என்ட முறை."