எந்தக் கை

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை,
சுவரோரம் ஆடுகிற கதிரை.
பெயர், வயது, தாய்ப்பால் கொடுத்த மாதங்கள்
எல்லாம் கேட்டு முடித்த பிள்ளை
கடைசியில் கேட்கிறாள்:
"அம்மா, நீங்கள் இடக்கையா, வலக்கையா?"

அறுபத்தாறு வயதில்
இதை மரியாதையாகக் கேட்ட முதல் ஆள்.

ஏன் என்றேன்.
இடக்கைக்காரப் பெண்களுக்கு
இந்த நோய் வேறுமாதிரி வருமோ என்று
சிலருக்குச் சந்தேகமாம்.
இல்லை என்பாராம் வேறு சிலர்.
"வடிவாத் தெரியாது அம்மா, அதுதான் கேக்கிறம்."
தெரியாது என்று அவள் சொன்னது
எனக்குப் பிடித்திருந்தது.

படிவத்தில் இரண்டே கட்டம்.

எழுதுவது வலக்கை.
இரண்டாம் வகுப்பில் அருளம்மா ரீச்சர்
அடிமட்டத்தின் விளிம்பால் கற்றுத்தந்தது.
சோறும் அதுதான், திருநீறும் அதுதான்.
ஆனால் களுவாஞ்சிகுடித் தபாற்கந்தோரில்
முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தியது இடக்கை.
மேசைக்குக் கீழே காசு எண்ணும்,
வெளியே நீட்டும்போது வலதுக்கு மாற்றிவிடும்.
ஒருநாள் மறந்துவிட்டேன்.
பென்சன் எடுக்க வந்த வினாசித்தம்பி அதிபர்
நான் கை மாற்றும்வரை
காசைத் தொடாமல் நின்றார்.

மீன் வெட்டுவது இடது.
பூட்டுத் திறப்பது இடது.
எழுபத்தெட்டுச் சூறாவளியில்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, இரண்டும்.

மிஸ்ஸி சொல்லித்தந்தபடி
மாதம் ஒருநாள் குளிக்கையில்
வலக்கை இடமார்பைத் தேடும்,
இடக்கை வலமார்பை.
குறுக்காக. அதுதான் முறை.
வலக்கை, படித்த கை,
வரிசையாகத் தடவிவிட்டு
ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டது.
இரண்டு வருடம் போட்டது.

ஆவணியில் ஒரு பின்னேரம்
சவர்க்காரம் வழுக்கி
இடக்கை தன் பக்கத்துக்கே மடங்கி
தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிற மாதிரி
அந்த இடத்தில் நின்றது.
கடிதத்துக்குள் யாராவது நாணயம் ஒளித்திருந்தால்
உறைக்கு மேலாகவே கண்டுபிடிக்கிற கை.
ஒரு பயறளவு.
பிறகு அது நகரவில்லை.

பிள்ளையின் பேனையை வாங்கி
அந்தக் கையாலேயே கட்டத்தில் கோடு போட்டேன்.
நடுங்கி, கட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது.
"பரவாயில்லை அம்மா" என்றாள்.

உள்ளே டொக்டர் சொன்னார்:
ஒப்பரேசனுக்குப் பிறகு
இடக்கையில் ஊசி குத்த விடாதீங்க.
பாரம் தூக்கக் கூடாது.
மீன் முள்ளுக்கூடக் கீறக் கூடாது.
கவனமாக வைத்திருக்க வேணும்.

இந்தக் கையையா
என்று திரும்பவும் கேட்டேன்.