தொலி

அண்டி ஆபீஸில் எனக்குத் தொலி உரிக்கிற சோலி.
பருப்பில் ஒட்டிய செம்பழுப்பை
நகத்தால், விடாவிட்டால் கத்தி முனையால்.
சாயங்காலம் தராசில்
எட்டு கிலோ, சில நாள் ஒன்பது.
மடியில் உதிர்ந்து கிடப்பதில்
எது பருப்பின் தொலி எது எனக்க தொலி என்று
தூத்து வாருகிற பிலோமினாளுக்கும் தெரியாது.

முழங்கையில் முதல் வெள்ளைச் செதிள் வந்தபோது
கறை பொள்ளியது என்றேன்.
தல்லுகிற பெண்களுக்குக் கை அப்படித்தானே.
கறை தலைமுடிக்குள் ஏறுமா என்று
ஒருத்தியும் கேட்கவில்லை,
ஸ்டூலை மட்டும் ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள்.

கேட்டில் சோதனை போடும் தங்கலீலா
எல்லார் இடுப்பையும் தடவுவாள்.
என்னைக் கண்டால் "போ, போ."
எட்டு வருஷம்.
ஒற்றைப் பருப்பு நான் கொண்டுபோனதில்லை.

பிறகு நடுவிரல் வீங்கியது,
கணு மட்டுமல்ல, முழுவிரலும்,
மட்டிப்பழம்போல.
காலையில் கை விரிய ஒரு மணிக்கூர்.
குதிகால் தரையைத் தொட்டால்
கீழேயிருந்து யாரோ ஆணி அடிக்கிறார்கள்.
தொலிக்குக் கருங்கலில் களிம்பு,
மூட்டுக்கு மார்த்தாண்டத்தில் தைலம்,
இரண்டு சீட்டு, இரண்டு பை,
இரண்டுக்கும் ஒரே கூலி.

ஆசாரிப்பள்ளத்தில் டோக்கன் நூற்றிப் பதினாலு.
விரலை நீட்டினேன்.
டாக்டர் பெண் நகத்தைப் பார்த்தாள்:
ஊசியால் குத்திக் குத்தி வைத்தமாதிரி குழிகள்.
காதுக்குப் பின்னால் பார்த்தாள்,
முடி விலக்கிப் பார்த்தாள்,
தொப்புளைக்கூட.
"ரெண்டும் ஒரே நோய்தான்" என்றாள்.
"தொலியில எரியறதுதான் மூட்டுலயும் எரியுது."
கறை இல்லையா?
கறை இல்லை.
எட்டு வருஷம் துணையிருந்த கறையைப் பிரிய
எனக்கு மனசில்லை.

கையுறை போடாமல்
ஒவ்வொரு கணுவாய் அழுத்தினாள்.
வலித்தது.
இன்னும் ஒருமுறை அழுத்தமாட்டாளா என்றிருந்தது.

மாத்திரை வாரத்தில் ஒருநாள் மட்டும்.
தினமும் தின்றால் ஆபத்து என்று மூன்று தடவை சொன்னாள்.
எந்தக் கிழமை?
ஞாயிறு கோயில், சனி சம்பளம்.
புதன் என்றேன், பாவம்,
அதற்கு வேறு சோலி இல்லை.

இன்று மூன்றாவது புதன்.
விரல் இன்னும் பழம்தான்.
மத்தியானம் பூச்சி குத்திய பருப்பொன்று வந்தது,
முழுக்கக் குழி.
கழிவுக் கூடையில் போடணும்.
வாயில் போட்டேன்.

கேட்டில் தங்கலீலா "போ, போ."
போகவில்லை.
"தொட்டுப் பாரு பிள்ளே, ஒட்டாது"
என்று இரண்டு கையையும் நீட்டினேன்,
நாக்குக்கு அடியில் பருப்போடு.