ஏழாவது வாய்

ஆளுக்கு ஆண்டுக்கு நானூறு பவுண்டு தானியம்,
பிள்ளைகளுக்குப் பாதி.
நாங்கள் ஆறு பேர்.
பழைய வரிப் படிவத்தின் முதுகில்
பெருக்கிக் கூட்டினேன்.
அந்த வருஷம் ஐடஹோவில்
மே பிறந்தும் பனி எழுந்து போகவில்லை.

நாற்பத்தாறு வாளிகள்.
பதினொரு படி இறங்கிச் சுமந்தான் வெர்லின்.
ஒவ்வொரு வாளியிலும் ஒரு குட்டிப் பொட்டலம் போட்டேன்,
உள்ளிருக்கும் காற்றின் உயிரை உறிஞ்சிக்கொள்ள.
"கோதுமை மூச்சு விட்டால் கெட்டுப்போகும்"
என்று லெனேவிடம் சொன்னபோது
அவளும் கொஞ்ச நேரம்
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எதற்காக என்றால்,
நிலநடுக்கத்துக்காக. போருக்காக.
யெல்லோஸ்டோனின் அடியில்
உலை வைத்துக் காத்திருக்கும் மலைக்காக.
லாரிகள் வராமல் போகும் குளிர்காலத்துக்காக.
படுக்கையில் கிடந்து பேசினோம்
யார் யார் வந்து கதவைத் தட்டக்கூடும் என்று.
வேலிக்கு அந்தப்புறம் ஆண்டர் எலோரியாகா,
ஆட்டு மந்தைகளோடு வந்த பாஸ்க் குடும்பத்தின் கடைசி மகன்,
அலமாரியில் ரெண்டு மத்தி டின்னும்
பாதி வைன் பாட்டிலும் தவிர எதுவும் இல்லாதவன்,
முதல் நாளே வந்துவிடுவான் என்றான் வெர்லின்.
மறுநாள் பூட்டு வாங்கினோம்.
பதினெட்டு டாலர்.
அதையும் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

எட்டு வருஷம் கழித்து வந்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை,
வெள்ளை உறைக்குள் மடித்து.
உருளைக்கிழங்கு ஆலையில் நூற்று நாற்பது பேருக்கு
ஒரே கடிதம், பெயர்கள் மட்டும் வேறு.

சங்கு ஊதவில்லை.
விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
கடை திறந்திருந்தது, கடையில் எல்லாம் இருந்தது,
எங்கள் கையில்தான் இல்லை.
மூடி திறக்கும் கருவியோடு
நிலவறையில் நின்ற வெர்லின் கேட்டான்:
"மார்வா, அது இதுதானா?"

மூன்று வாரம் தெரியவில்லை எங்களுக்கு.
பிறகு முதல் வாளியைத் திறந்தோம்.

கோதுமைக்கு ஒரு குறையும் இல்லை.
ஹைரம் திருகை சுற்றினான், தோள் வலிக்க வலிக்க.
ஈஸ்ட்தான்,
ஆறு வருஷத்துக்கு முன்பே காலாவதி.
வெந்நீரில் தூவி, சர்க்கரை போட்டு,
மூக்கை நுழைத்துக் காத்திருந்தேன்.
ஒரு குமிழி?
ஒன்றுமில்லை.
நூற்றாண்டுக்குத் தாங்கும் உப்பை வாங்கியவள்
சாகக்கூடிய ஒன்றைக் கணக்கில் வைக்க மறந்திருந்தேன்.
அன்று சுட்ட ரொட்டியை பாய்டு
காற்றில் அடிக்கும் கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.
அது நன்றாகவே நின்றது.

மார்ச்சில் தட்டினான் ஆண்டர்.
வெர்லின் என்னைப் பார்த்தான்,
நான் நிலவறைக் கதவைப் பார்த்தேன்.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தான்,
குளிர் படாமல் நெஞ்சோடு அணைத்து வந்திருந்தான்.
சாம்பல் நிறக் கூழ், புளித்த ஆப்பிள் வாடை.
"எனக்கும் அந்தக் கடிதம்தான்.
நான் எப்படியும் சமாளிப்பேன்.
இதற்குத் தினம் ஒரு பிடி மாவு வேண்டும்,
என்னிடம் இல்லை.
சாக விட மனசில்லை."

தனக்கென்று கேட்கவில்லை.
அதுதான் எனக்கு எங்கேயோ தைத்தது.

இரவு நோட்டைத் திறந்தேன்.
ஆறு என்பதை அடித்து ஏழு என்று எழுதினேன்,
ஜாடிக்கு.
பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் எட்டு.
பன்னிரண்டு மாதம் சுருங்கி
ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆனது.
வெர்லின் எட்டிப் பார்த்துவிட்டு
கூட்டல் சரியா என்று மட்டும் கேட்டான்.

அடுப்பருகே ஜாடியின் மேல் கட்டிய துணி
பொங்கிப் புடைத்திருந்தது.
"மூச்சு விடுதம்மா" என்று கத்தினாள் லெனே,
கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில்.

பூட்டைக் கோழிக்கூட்டுக்கு மாட்டிவிட்டோம்.
அங்கே நிஜமாகவே நரி வருகிறது.