ஈரம் உலருமுன்

பலகையில் 'எதிராஜுலு அண்ட் பிரதர்' என்றிருக்கும்.
பிரதர் என்று எனக்கு யாரும் பிறக்கவில்லை.
ஒற்றை ஆளை நம்பி, மவுண்ட் ரோட்டை விட்டு
பிராட்வேயில் மாடியேறி யார் வருவார்?
கண்ணாடிக் கூரை போட்டவனுக்கு இன்னும்
நூற்றுப்பத்து ரூபாய் பாக்கி.
அதன் வழியே இறங்கும் சித்திரை வெயில் மட்டும்
இனாம்.

டஜன் அட்டை ஆறு ரூபாய் என்றேன் முதல் வருஷம்.
எதிர்வாடையில் ஒருவன் நாலு என்றான்.
நான் மூன்றரை. அவன் மூன்று,
அதோடு ஒரு சட்டமும் சும்மா.
இப்போது இரண்டு கூரையும் ஒழுகுகிறது.

ஆள் வராமலில்லை.
துபாஷி வீட்டு இளையவன்
வெல்வெட் கோட்டு இரவல் வாங்கி வந்து,
கழுத்துக்குப் பின்னிருந்த இரும்புக் கவட்டை தெரியாமல்
என் திரைச்சீலை மாளிகை முன் நின்றான்.
இரண்டு டஜன்.
அவன் ரங்கூனுக்குக் கப்பலேறிய பின்தான் தெரிந்தது,
கோட்டுக்காரனும் என்னைப் போலவே காத்திருக்கிறான் என்று.

பிணம் எடுக்கவும் கூப்பிடுவார்கள்.
அசையாது. இமைக்காது.
'இவ்வளவு கறுப்பா நான்?' என்று சண்டைக்கு வராது.
பாடை கட்டுமுன் கேட்டால் கையில் காசு.
பதினாறாம் நாள் கேட்டால்,
"யார் எடுக்கச் சொன்னது?"

ஆடியில் ஒருவரும் வருவதில்லை.
படம் பிடித்தால் ஆயுசு குறையுமாம்.
நிஜந்தான். யாருடைய ஆயுசு என்பதில்தான்
தப்பாகச் சொல்கிறார்கள்.

கிணற்று நீர் உப்பு; முகங்களில் தேமல் விழும்.
நல்ல தண்ணீருக்குக் குடத்துக்கு ஒரு தம்பிடி.
முட்டையின் வெள்ளை காகிதத்துக்கு,
மஞ்சள் வேப்பேரி ரொட்டிக் கிடங்குக்கு;
அந்த வரவில்தான் விளக்கெண்ணெய்.
கழுவிய நீரையும் கொட்டுவதில்லை.
ஜாடியில் தெளியவைத்து, வண்டலைத்
தங்கசாலைத் தெருவில் உருக்கக் கொடுத்தால்
குன்றிமணி குன்றிமணியாய் வெள்ளி.

காசு தராதவர்களின் தகடுகளைச்
சாம்பல் தொட்டுச் சுரண்டுவேன்.
முதலில் மீசை போகும், பிறகு பதக்கம்.
கண்கள் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும்.
அதே கண்ணாடியில் மறுநாள் ஒரு மணப்பெண்.
சில சமயம் அவள் தோளுக்குப் பின்னால்
துபாஷி வீட்டு இளையவன் மங்கலாக நிற்பான்.
இரண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கேட்க முடியுமா?

ராயபுரம் பெஸ்தன்ஜி மருந்துக் கடைக்கு
ஈதரும் வெள்ளி உப்புமாக முந்நூற்று நாற்பது.
கோர்ட்டிலிருந்து அமீனா வேதகிரி வந்தார்.
கூட ஒரு சேவகன், அரக்கு, மெழுகுவத்தி.
"பெட்டி ஒன்று. கால் மூன்று. நாற்காலி ஒன்று.
மாளிகை ஒன்று, துணி"
என்று எழுதிக்கொண்டே வந்தவர்
நிலைக்கண்ணாடி முன் நின்றார்.
தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார்.
"எனக்கு ஒன்று விழுமா?"
அது அமீனாவின் குரலாக இல்லை.

கடைசித் தகடு, புட்டியில் கடைசி மடக்கு.
இருட்டறையில் பூசி, முக்கி, ஈரம் சொட்ட
எடுத்துவந்து பெட்டியில் செருகினேன்.
எட்டு எண்ணும்வரை அவர் மூச்சே விடவில்லை.
பதினாலு வருஷத்தில் அப்படி உட்கார்ந்த ஆளில்லை;
பிணங்களைக்கூட ஈ அசைத்துவிடும்.

"பத்து நிமிஷத்துக்குள் கழுவணும்" என்று திரும்பினால்
இருட்டறைக் கதவில் சிவப்பாக முத்திரை.
நான் அவர் முகவாயை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது
சேவகன் தன் வேலையை முடித்திருந்தான்.
அரக்கு இன்னும் இளகித்தான் இருந்தது.
உடைக்க ஜட்ஜ் துரை உத்தரவு வேண்டும்.
துரை நீலகிரியில்,
கோடை முடியும் மட்டும்.

அமீனா பெட்டியருகே வந்து
ஒரு விரலால் தொட்டார்.
"உள்ளே இருக்கிறேனா?"
"இருக்கிறீர்கள். இன்னும் ஆறு நிமிஷம்."

பட்டியலின் கடைசியில் எழுதினார்:
கண்ணாடித் தகடு ஒன்று. மதிப்பு ஒன்றரை அணா.
பிறகு, யாரும் சொல்லாமலே,
ஜப்தியான நாற்காலியில் போய் உட்கார்ந்தார்,
முகவாயை நான் வைத்த இடத்திலேயே வைத்து,
அசையாமல்.